மாமனாரின் கோலன்கள்

கட்டின பெண்டாட்டியைப் புருஷனிடமிருந்து பிரித்து வைக்க எத்தனையோ காரணம் உண்டு. சண்டை வரும், சந்தேகம் வரும், மாமியார் வருவார். ஆனால் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைத்த இரண்டு புள்ளிகள் ஒரு குடும்பத்தை எட்டு மாதம் பிரித்து வைத்தன என்றால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை, கேட்டுவிட்டுச் சிரித்தேன். அந்தக் குடும்பத்து மருமகள் எதிரே நின்று சிரித்திருந்தால் கையில் இருப்பதைத் தூக்கி என் மேல் எறிந்திருப்பாள்.

அவளுடைய மாமனாரை அந்தத் தெருவில் இங்கிலீஷ்காரர் என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர்தான். ஆனால் தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி வேண்டுமென்றாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கீழே அலுவலகம், மேலே வீடு. தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனிக்கு அதை எப்படி மாட்டுவது என்று கையேடு, பள்ளிக்கூடத்துக்கு ஆண்டறிக்கை, ஆஸ்பத்திரிக்குச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு என்று எல்லாம் அங்கேயிருந்துதான் போகும். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் வாடிக்கையாளர்கள் மறு பேச்சில்லாமல் அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வேலை நடக்கிற விதம் இது. அவர் பச்சை மையில் கையால் எழுதுவார். சாயங்காலம் டீயோடு மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவார். அவள் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, அச்செடுத்து, அவர் முன்னால் வைப்பாள். அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். பிறகு அது வாசல் பக்கத்துத் தகரத் தட்டுக்குப் போகும். காலையில் டெலிவரிக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார்.

"எழுதும்போதே யோசிச்சு எழுதறவன் எதுக்கும்மா திரும்பிப் படிக்கணும்?" என்பார். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். "அது உன் சாமான், எனக்கு அதுல சுவிட்சு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அவருடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம்தான். சொல் தேர்வு சுத்தமாக இருக்கும், எழுத்துப் பிழை மருந்துக்கும் இருக்காது. இந்தக் கோலன், அதாவது முக்காற்புள்ளி விஷயத்தில்தான் கோளாறு. சின்ன வயதில் ஏதோ கம்பெனிக் கடிதத்தில் "டியர் சார்" என்பதற்குப் பின்னால் அந்த இரட்டைப் புள்ளியைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் மனசைப் பறிகொடுத்துவிட்டார். கடிதத்தில் அந்த இடத்தில் அது இருக்கலாம், தப்பே இல்லை. ஆனால் அங்கேயிருந்து அதைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, கண்ட இடத்திலெல்லாம் குடி வைத்துவிட்டார். மூச்சு விடுகிற இடத்தில் கோலன் வைக்க வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்த சட்டம்.

"தி பிரின்சிபால் இஸ்: வெரி ஹாப்பி டு அனவுன்ஸ்" என்று எழுதுவார். "ப்ளீஸ் பிரிங்: யுவர் சைல்டு" என்று எழுதுவார். படித்துக் காட்டும்போது கோலன் வரும் இடத்தில் நிறுத்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பிறகுதான் குழந்தையைக் கூப்பிடுவார். பிரின்சிபாலுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று கேட்கிறவருக்குப் பதற்றமாக இருக்கும்.

சட்டம் ரொம்பச் சின்னது. கோலனுக்கு முன்னால் இருக்கிற பகுதி முழு வாக்கியமாக இருக்க வேண்டும். அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாலும் அது அந்தரத்தில் தொங்கக் கூடாது. அப்படி இருந்தால்தான் பின்னால் ஒரு பட்டியலையோ விளக்கத்தையோ கோலன் போட்டு நீட்டலாம். "பிரின்சிபால் இஸ்" என்று நிறுத்தினால் எந்தப் பிரின்சிபால் நிற்பார்?

மருமகளுக்கு இது கல்யாணமாகி வந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் புதுப் பெண், வந்த வேகத்தில் மாமனாருக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறாளே என்று பேர் வந்துவிடுமோ என்று பயம். அந்த மனிதருக்கோ கோபம் மூக்குக்கு மேல். சொந்தத் தம்பியிடமே ஒரு காற்புள்ளிக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிறவர். அதனால் அவள் டைப் அடிக்கும்போது சத்தமில்லாமல் அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டாள். எப்படியும் திரும்பிப் படிக்கப் போவதில்லையே என்கிற தைரியம்.

அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துப் பிரின்சிபால் நேரில் வந்தார். "சார், இப்பல்லாம் உங்க இங்கிலீஷ் கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்றார். மாமனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா இப்படிச் சிரித்ததே இல்லை என்று அவள் புருஷன் சொன்னான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு எந்த மருமகளுக்கு வாய் வரும்? அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய் ஒன்பது வருஷமாகத் திறக்கவே இல்லை.

சரி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் புருஷனுக்கு வேறு ஊரில் அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை கிடைத்தது. நல்ல வேலை, அவனுக்குப் பிடித்த வேலை. போனவுடன் ஒரு ஒற்றை அறையில் தங்கிக்கொண்டான். அவளும் ஒரு மாதத்தில் பின்னாலேயே வருவதாகப் பேச்சு.

மாமனார் தடுக்கவில்லை. அதுதான் வேடிக்கை. "தாராளமா போம்மா. புருஷன் பெண்டாட்டி ஒண்ணா இருக்கறதுதானே முறை" என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "உன் எடத்துக்கு ஒரு ஆள் மட்டும் கெடச்சுட்டா போதும். கெடச்ச அன்னைக்கே கிளம்பு" என்றார்.

நியாயமான பேச்சுதானே? அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆளைத் தேட ஆரம்பித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று புரிந்தது.

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற கல்லூரிக்காரர். சட்டைப் பையில் மூன்று பேனா, பேச்சில் அவ்வளவு மரியாதை. இரண்டாவது நாளே பச்சை மைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கிலீஷ்காரர் மேஜை முன்னால் போய் நின்றார்.

"ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த எடத்துல கோலன் வராதுங்க. முன்னாடி இருக்கறது முழு வாக்கியமா இருந்தாத்தான் போடலாம்."

மருமகள் கம்ப்யூட்டர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பது வருஷமாகத் தான் சொல்ல முடியாததை ஒருத்தர் தேங்காய் உடைத்தாற்போலச் சொல்லிவிட்டார். மாமா ஒப்புக்கொண்டால் நாளைக்கே பஸ் ஏறிவிடலாம்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். "நாளையிலேந்து நீங்க வர வேணாம்" என்றார்.

அவ்வளவுதான். கல்லூரிக்காரர் மூன்று பேனாவோடு வெளியே போனார். மருமகளுக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்களிலும் விஷயம் தெரிந்தவர்கள் வாயைத் திறந்தார்கள், வந்த வழியே போனார்கள். விஷயம் தெரியாதவர்களுக்கு மாமனாரின் புள்ளிகள் வேத வாக்கு. அவர்களை நம்பி விட்டுவிட்டுப் போனால் "பிரின்சிபால் இஸ்" என்று பிரின்சிபால் மறுபடி அந்தரத்தில் தொங்குவார், வாடிக்கையாளர் சிரிப்பார், கிழவர் அவமானத்தில் குன்றிப்போவார். அவளுக்கு வேண்டியது தப்பென்று தெரிந்தும் சொல்லாமல், சொல்லாமலே திருத்தி, திருத்தியதையும் வெளியே காட்டிக்கொள்ளாத ஓர் ஆள். அப்படி ஒரு பைத்தியம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. அது அவள்தான்.

கடைசியாக வந்த பெண்மணிக்கு அவள் மனசுக்குள் ஆமாமக்கா என்று பேர் வைத்திருந்தாள். நல்ல மனுஷி, விரல் பறக்கும், லீவு கேட்க மாட்டார். எதைச் சொன்னாலும் "ஆமாம்மா" என்பார். மழை வருமா என்றாலும் ஆமாம், வராதா என்றாலும் ஆமாம். இரண்டு வாரமாக மருமகள் அவரிடம் ஜாடை மாடையாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த வரியில புள்ளி கொஞ்சம் அதிகமா இருக்கற மாதிரி இல்ல?"

"ஆமாம்மா."

"அப்ப எடுத்துடலாமா?"

"ஐயா போட்டிருக்காரேம்மா!" ஆமாமக்காவின் கண் அகலமாக விரிந்தது.

"ஐயா அவசரத்துல போட்டிருப்பாரு. நாம டைப் அடிக்கும்போது பாத்துச் சரி பண்ணிக்கலாம். அவர்கிட்ட சொல்லக்கூட வேணாம்."

"ஆமாம்மா" என்றார் ஆமாமக்கா. எழுந்து நேராக மாமனார் மேஜைக்குப் போனார். "ஐயா, இந்தப் புள்ளி அதிகமா இருக்குன்னு அம்மா சொல்றாங்க. எடுத்துடட்டுமாங்க?"

மாமனார் தாளைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

"இருக்கட்டும், அப்படியே அடி" என்றார்.

அன்று சாயங்காலம் புருஷன் போன் பண்ணினான். இரண்டு அறையும் ஒரு பால்கனியுமாக வீடு பார்த்திருக்கிறானாம். வேலை செய்யும் இடத்திலிருந்து நடக்கிற தூரம். சமையலறை ஜன்னல் வழியாக மரம் தெரியுமாம். வீட்டுக்காரம்மா நாளைக் காலைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"நீ வர்றியா இல்லையான்னு ஒரே வார்த்தை சொல்லு" என்றான்.

"வராம எங்க போவேன்? இந்த அக்கா கொஞ்சம் பழகிக்கட்டும்."

"இதையேதான் எட்டு மாசமா சொல்ற. நானே அப்பாகிட்ட சொல்லிடறேன், உங்க கோலன் எல்லாம் தப்புன்னு. என்ன, தூக்குலயா போட்டுடுவாரு?"

"சொன்னீங்கன்னா நான் உங்ககிட்ட பேசவே மாட்டேன். அந்த மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாருங்க."

"இங்க நான் ஒடிஞ்சு போறது உனக்குத் தெரியலல்ல" என்றான். "தெனம் ஒரே ஓட்டல்ல, ஒரே மூலை மேஜைல ஒக்காந்து சாப்பிடறேன். சர்வர் எனக்குக் கல்யாணமே ஆகலன்னு நெனச்சுட்டிருக்கான். வீட்ட விட்டுடறேன், போ. அடுத்த வீடு நான் பாக்கப் போறதில்ல." வைத்துவிட்டான்.

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் கத்தவில்லை என்பதுதான் அவளை உலுக்கிவிட்டது. அவனில்லாமல் எட்டு மாதத்தை எப்படியோ ஓட்டிவிட்டாள், ஒன்பதாவது மாதத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழே மாமனார் டீ எங்கே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலே இருந்தது அவர் வீடு, கீழே இருந்தது அவர் அலுவலகம், அவளுக்கென்று இருந்தது நடுவில் இருக்கிற இந்தப் படிதான். டீ போட எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது.

அன்றைய வேலை பம்புக் கையேடு. ஆமாமக்கா ஒரு புள்ளி விடாமல் அடித்து, அச்செடுத்து, மாமனாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். இந்த இரண்டு வாரமாக இந்த இடத்தில்தான் மருமகள் "நான் ஒரு தடவை அலைன்மெண்ட் பாத்துடறேன்" என்று ஏதாவது சாக்குச் சொல்லி, கையெழுத்து இருக்கிற கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் திருத்தி மாற்றி வைப்பாள். அன்றைக்கும் கையேட்டைக் கையில் எடுத்தாள். முதல் பக்கத்திலேயே "தி பம்ப் ஷுட் நாட் பி: யூஸ்டு வித்தவுட் வாட்டர்" என்று இருந்தது.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போகட்டுமே! ஒருதரம் இப்படியே போகட்டும். கம்பெனிக்காரன் சிரிக்கட்டும், மாமா அவமானப்படட்டும், கூரை இடிந்து விழட்டும். விழுந்த பிறகாவது தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாமே. கையேட்டை அப்படியே தகரத் தட்டில் போட்டுவிட்டு மாடி ஏறிப் போய்ப் படுத்துவிட்டாள்.

படுத்தாளே தவிரத் தூக்கம் எங்கே வந்தது? கண்ணை மூடினால் மாமாவின் முகம் தெரிந்தது. பம்புக் கம்பெனி முதலாளி போனில் சிரிக்க, மாமா காதில் போனை வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிற மாதிரி. சே, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெளிச்சம் வருகிற நேரத்தில் எழுந்தாள். டெலிவரிக்காரர் வருவதற்குள் அதை எடுத்துத் திருத்திவிட வேண்டியதுதான். வீடு போனால் போகிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

பாதிப் படியில் நின்றாள். அலுவலகத்துக்குள் இருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக்.

எட்டிப் பார்த்தாள். தகரத் தட்டு காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். கையேடு பக்கத்தில் விரித்துக் கிடந்தது. மூக்கு நுனியில் கண்ணாடி, இரண்டு ஆள்காட்டி விரல்கள். அவற்றால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தார். சுவிட்சு எங்கே இருக்கிறதென்று தெரியாத மனிதர்!

அவள் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்று திரையைப் பார்த்தாள். "தி பம்ப் ஷுட் நாட் பி" என்பதற்குப் பின்னால் இருந்த கோலன் காணாமல் போயிருந்தது. அதற்குக் கீழே "யூ வில் நீட்: ஸ்பேனர், டேப் அண்ட் ஆயில்" என்று ஒரு வரி. அவளாக இருந்தால் அந்தக் கோலனை ஒரே தட்டில் அழித்துவிட்டு நகர்ந்திருப்பாள். அவர் அழிக்கவில்லை. நிதானமாக யோசித்து, "நீட்" என்பதற்குப் பின்னால் "த்ரீ திங்ஸ்" என்று சேர்த்தார். இப்போது வாக்கியம் முழுசாக நின்றது. கோலனும் அதன் இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்தது. அவளுக்குக்கூடத் தோன்றாத திருத்தம்.

"மாமா."

கிழவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். திரையை முதுகால் மறைத்துக்கொண்டார். "எழுந்துட்டியாம்மா? இது... இது தானா ஆன் ஆயிடுச்சு."

"தானா ஆன் ஆயி, தானா திருத்திக்கிட்டு இருக்கா?"

கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் என்ன சொல்வார்?

"எப்பலேந்து மாமா உங்களுக்குத் தெரியும்?"

"என்னது?"

"எப்பலேந்து தெரியும்னு கேக்கறேன்."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை அறிவிப்பு எழுதிக் குடுத்தோமே, அது ஆறு வருஷம் இருக்கும். சுவத்துல ஒட்டியிருந்தாங்க. டாக்டரப் பாக்க ஒக்காந்திருந்தப்ப சும்மா படிச்சேன். நான் வச்ச புள்ளி ஒண்ணுகூட இல்ல. அச்சடிச்சவன் தப்புன்னு நெனச்சுச் சண்டை போடலாம்னு வந்து நம்மகிட்ட இருந்த பிரதியப் பாத்தேன். அதுலயும் இல்ல. அப்புறம் இலக்கணப் புஸ்தகம் வாங்கிப் படிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு வாரம் சோறு எறங்கலம்மா. அப்படி வெக்கமா இருந்துச்சு."

"அப்ப அன்னைக்கே என்னக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லைதான். ஆனால் கேள்வி தீரவில்லை. "சரி, தெரிஞ்சுக்கிட்டீங்க. அதுக்கப்புறமும் ஏன் தப்பு தப்பாவே எழுதினீங்க?"

"நீ திருத்திடுவன்னு தெரியும். நான் காலைல எறங்கி வந்து தட்டுல இருக்கறதப் படிப்பேன். எல்லாம் சரியா இருக்கும். அது ஒரு... எப்படிச் சொல்றது, என்னை ஒருத்தி விட்டுக்குடுக்காம பாத்துக்கறான்னு ஒரு சந்தோஷம்."

அதைக் கேட்டு அவள் மனசு இளகத்தான் பார்த்தது. அப்போதுதான் மூன்று பேனாவோடு வெளியே போன மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

"அந்தக் கல்லூரிக்காரர் வந்தாரே. அவர் சரியாத்தானே சொன்னாரு?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க மாமா."

"சரியாச் சொன்னதாலதான் அனுப்பினேன்" என்றார். "அவர் இருந்தா நீ போயிடுவ."

இத்தனை நாளும் தானே பின்னிய வலையில் தானே மாட்டிக்கொண்டதாக நினைத்திருந்தாளே! நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அதுவும் பச்சை மையில், டீ குடித்துக்கொண்டே.

"எட்டு மாசம் மாமா!" குரல் அவளையும் மீறி உயர்ந்தது. இந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "உங்க பையன் அங்க ஒண்டிக்கட்டையா ஓட்டல்ல சாப்பிடறாரு. நான் இங்க தெனம் அழுதுட்டுத் தூங்கறேன். உங்க மானம் போயிடக் கூடாதேன்னு புருஷன்கிட்ட சண்டை போட்டுட்டு ஒக்காந்திருக்கேன். நீங்க தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க. இதுக்குப் பேரு என்ன மாமா?"

"தப்புதாம்மா."

"தப்பு இல்ல மாமா, கொடுமை."

அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாரோ ஒரு கிழவருடைய முகம் மாதிரி இருந்தது. "சாயங்காலம் நான் படிப்பேன், நீ பக்கத்துல ஒக்காந்து கேப்ப. மத்தபடி நாள் பூரா இந்த வீட்ல எனக்கு என்ன இருக்கு? நீ போனா நான் யாருகிட்ட படிச்சுக் காட்டறது? இன்னும் ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் இரும்மா. நான் பழகிக்கறேன்."

இங்கேதான் அவளுக்கு உண்மையான ஆபத்து வந்தது. சரி மாமா என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒன்பது வருஷம் பழகின சொல் அல்லவா, கூப்பிடாமலே வரும். அந்தக் கிழவரின் மேல் அவளுக்குப் பாசம் இருந்தது. அதில் பொய்யே இல்லை. அவர் மேல் கோபமாக இருக்கும்போதே, டீ நேரத்தில் அந்த மேஜை காலியாகக் கிடப்பது கண்ணில் வந்து நின்றது. இந்த மாசம் போனால் அடுத்த மாசம் இன்னொன்று வரும் என்றும் தெரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள். இந்த ஒரு தடவை மூடினது நல்லதற்கு.

போனை எடுத்துப் புருஷன் எண்ணைத் தட்டினாள். தூக்கக் கலக்கத்தில் அவன் "என்ன?" என்றான், இன்னும் கோபம் ஆறவில்லை.

"ஏங்க, அந்த வீட்டுக்காரம்மாகிட்ட சரின்னு சொல்லிடுங்க. நான் வர்றேன்."

"என்ன திடீர்னு? அங்க அப்பா?"

அவள் பதில் சொல்லாமல் போனை மாமனார் முன்னால் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க மாமா."

அவர் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவள் கையை இறக்கவில்லை. கை வலித்தது, அப்படியும் இறக்கவில்லை. கடைசியில் அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் மகன் பேசுவது அவளுக்கும் கேட்டது.

"அப்பா? என்னப்பா நடக்குது அங்க? அவ வர்றேன்னு சொல்றா. அவ எடத்துக்கு ஆள் கெடச்சாச்சா?"

மாமனார் திரையைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை, அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று கெஞ்சுகிற பார்வை. அவள் பார்வையைத் திருப்பவில்லை. வாயையும் திறக்கவில்லை.

"கெடச்சாச்சுடா" என்றார்.

"யாருப்பா? நல்லா வேலை தெரியுமா?"

கிழவர் ஒருதரம் செருமினார்.

"தெரியும். ஆறு வருஷமா தெரியும்" என்றார். "நான்தாண்டா."

மறுமுனையில் மகன் "என்னது? என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மருமகள் போனைத் திரும்ப வாங்கவில்லை. அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, மாடிக்குப் பெட்டி கட்டப் போனாள்.